ஒரே குண்டு, ஆளுக்கொரு விலையா?



செண்பகத்தோப்புப் பக்கம் யானை மிதித்து ஒருத்தர் இறந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசாணை இருக்கிறது. ரோட்டில் பஸ் மோதி இறந்தால் கோர்ட்டில் வயசு, வருமானம் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். உரிமை கேட்டுப் போனவன் போலீஸ் குண்டுபட்டுச் செத்தால் எவ்வளவு? அன்றைக்கு ஆள்கிறவர் வாயில் வருவதுதான் தொகை!

நடந்ததைப் பாருங்கள்.

2011 செப்டம்பர் 11, பரமக்குடி. இமானுவேல் சேகரன் நினைவு நாளில் துப்பாக்கிச்சூடு. செத்தவர்கள் தலித் மக்கள். முதலில் அறிவித்தது 1 லட்சம். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் உயர்த்தினார்கள்.

2018 மே, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொன்ன மக்களில் 13 பேர் பலி. முதலில் 10 லட்சம், சில நாளில் 20 லட்சம், கூடவே அரசு வேலை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமோ 50 லட்சம் கொடு என்று பரிந்துரைத்தது.

2017 ஜூன் 6, மத்தியப் பிரதேசம் மந்த்சௌர். விளைச்சலுக்கு விலை கேட்ட 5 விவசாயிகள் போலீஸ் குண்டுக்குப் பலி. 5 லட்சம், 10 லட்சம் என்று ஏலம் மாதிரி ஏறி 1 கோடியில் நின்றது.

2021 அக்டோபர் 3, உத்தரப்பிரதேசம் லக்கிம்பூர் கேரி. கார் ஏற்றி 4 விவசாயிகளைக் கொன்றார்கள். மாநில அரசு 45 லட்சமும் அரசு வேலையும் அறிவித்தது. பஞ்சாப், சத்தீஸ்கர் அரசுகள் தலா 50 லட்சம் அறிவித்தன. நாலு மாசத்தில் அங்கே தேர்தல்!

அதே வருஷம் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் கிடந்து செத்தவர்கள் 700 பேருக்கு மேல் என்று சங்கங்கள் சொல்லின. எங்களிடம் பதிவே இல்லை, அதனால் உதவித்தொகை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மத்திய அரசு பார்லிமெண்டில் பதில் சொன்னது.

பரமக்குடிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 7 வருஷம். அதற்குள் விலைவாசி இருபது மடங்கு ஏறிவிட்டதா? ஏறியது விலைவாசி இல்லை ஐயா. எந்தச் சாதி, எத்தனை டி.வி. கேமரா, தேர்தல் எப்போது — இதைப் பார்த்துத்தான் உயிருக்கு விலை வைக்கிறார்கள்.

கூட வாங்கியவர்கள் மேல் நமக்குப் பொறாமை இல்லை. அவர்கள் இழந்ததற்கு அது ஈடும் இல்லை. குறைத்துக் கொடுத்தவன் மேல்தான் கோபம்.

"சட்டத்தை மீறினவனுக்கு எதுக்குப் பணம்?" என்று சிலர் கேட்கிறார்கள். மீறியிருந்தால் கேஸ் போடு. சுடச் சொன்னது யார்? காவலில் ஒரு உயிர் போனால் நஷ்டஈடு தருவது அரசின் கடமை என்று 1993-லேயே நீலாபதி பெஹெரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இது நிவாரணம் இல்லை, பிச்சையும் இல்லை. அரசு அடைக்க வேண்டிய கடன்.

1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் கரண்டுக்கு ஒரு பைசா கூட்டியதை எதிர்த்து 3 விவசாயிகள் குண்டுபட்டு விழுந்தார்கள். இன்றைக்கு நம்ம கிணற்று மோட்டார் காசில்லாமல் ஓடுகிறது என்றால் அந்த ரத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. நாளைக்கு ரோட்டில் உட்காரப்போவதும் நாம்தான். எனவே கேட்போம்:

1. போராட்டத்தில் போலீஸ் நடவடிக்கையால் இறந்தால் எல்லோருக்கும் ஒரே அளவு நஷ்டஈடு. அதைச் சட்டமாக்கு!
2. வாரிசுக்கு வேலை என்பது சலுகை அல்ல, விதி என்று எழுது!
3. விலைவாசிக்கு ஏற்ப தொகையை உயர்த்து! குறைவாக வாங்கிய பழைய குடும்பங்களுக்கும் மீதியைக் கொடு!
4. பணத்தோடு முடிக்காதே. சுட்டவர் மீதும் உத்தரவிட்டவர் மீதும் வழக்கு நடத்து!

வருகிற கிராமசபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். நகலோடு விருதுநகர் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் நாளுக்கு வாருங்கள். தனியாகப் போனால் மனு, சேர்ந்து போனால் கோரிக்கை!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்,
மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.