பாடுவோரும் இடித்துரைப்போரும்

வீட்டுப் பிள்ளை ஒருவன் பரீட்சையில் தோற்று, வாடிய முகத்துடன் வாசலில் வந்து நிற்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி ஓடிச் சென்று, "போனாற் போகட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று தலையைத் தடவுகின்றாள். தாயோ, "எத்தனை நாள் புத்தகத்தைத் திறந்தாய்?" என்று கேட்கின்றாள். இருவருள் யாருக்குப் பிள்ளையின்மேல் அன்பு அதிகம்? இவ்வினாவுக்கு இலகுவில் விடை கூறிவிட முடியாது.

ஒரு நாடு முழுவதுமே இதே வினாவை வைத்துக்கொண்டு மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக வாதிட்டு வருகின்றது. அந்நாடு அயர்லாந்துக் குடியரசு. அங்கே பிள்ளையின் இடத்தில் நிற்பது அதன் உதைபந்தாட்ட அணி. தோற்ற அணிக்காகப் பாட்டுப் பாடுவதா, அன்றி "ஏன் தோற்றாய்?" என்று இடித்துரைப்பதா என்பதுதான் அந்நாட்டு ரசிகரிடையே ஓயாத வழக்கு.

ஒரு காலத்தில் இந்த வழக்குக்கே இடமிருக்கவில்லை. எதிர்பார்ப்பு என்று ஒன்று இருந்தாலன்றோ ஏமாற்றம் பிறக்கும்? 1988ஆம் ஆண்டுவரை அயர்லாந்து அணி எந்தப் பெரிய சுற்றுப்போட்டியின் இறுதிக் கட்டத்துக்கும் தகுதி பெற்றதில்லை. 1986இல் ஜக் சார்ல்டன் என்னும் ஆங்கிலேயர் பயிற்றுநராக வந்தார். 1966இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியில் ஆடியவர் அவர். பந்தை நெடுந்தூரம் உதைத்து, எதிரணியை ஓயவிடாது நெருக்கும் முரட்டு முறையொன்றை அவர் கற்பித்தார். 1988 ஜூன் 12ஆம் நாள், ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், இங்கிலாந்தையே ஒரு கோலினால் அவரது அணி வென்றது. நூற்றாண்டுக் கணக்காக இங்கிலாந்தின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஒரு மக்களுக்கு அந்த ஒரு கோல் எத்தகைய விருந்தாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்து 1990இல், இத்தாலியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டி. இங்கிலாந்துடன் 1-1. எகிப்துடன் கோலின்றிச் சமநிலை. நெதர்லாந்துடன் மீண்டும் 1-1. ருமேனியாவுடனும் கோலில்லை, ஆயினும் தண்டனை உதைகளில் வெற்றி. காலிறுதியில் இத்தாலியிடம் 0-1 என்ற கணக்கில் தோல்வி. கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்: ஐந்து ஆட்டங்கள், இரண்டே கோல்கள், தண்டனை உதைகளைத் தவிர்த்தால் ஒரு வெற்றியேனும் இல்லை! ஆயினும் அணி டப்ளின் நகருக்குத் திரும்பிய நாளில் அதை வரவேற்க ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் தெருவில் திரண்டனர் என்பர். அக்காலத்தில் அந்நாட்டின் மொத்தச் சனத்தொகையே சுமார் முப்பத்தைந்து இலட்சம்.

இந்தக் களிப்பின் நடுவே ஒரே ஒருவர் மட்டும் முகஞ்சுளித்தார். ஈமன் டன்பி என்பது அவர் பெயர். முன்னாளில் அயர்லாந்து அணிக்கு ஆடியவர், பின்னர் பத்திரிகையாளரானவர். எகிப்துடனான அந்த உயிரற்ற ஆட்டம் முடிந்ததும், தொலைக்காட்சி விமர்சகராக அமர்ந்திருந்த அவர், சினம் தாளாது கையிலிருந்த பேனாவை வீசியெறிந்தார். இத்தகைய ஆட்டத்தைக் கண்டு தாம் வெட்கமடைவதாகக் கூறினார். நாடு கொதித்தெழுந்தது. அவர் அயர்லாந்தினராக இருப்பதற்கே வெட்கப்படுவதாகச் சொன்னார் என்று பேச்சுப் பரவியது. அவர் கூறியது ஒன்று, மக்கள் கேட்டது வேறொன்று.

உண்மையில் டன்பியின் மனக்குறை யாது? தம் நாட்டு ஆட்டக்காரர் திறமையற்றவர்கள் என்று அவர் கருதவில்லை. பந்தை அழகாகக் கைமாற்றி ஆடக்கூடியவர்களை, அஞ்சி அஞ்சி ஆடுமாறு பயிற்றுநர் கட்டிப்போட்டு விட்டாரே என்பதுதான் அவரது ஆதங்கம். திறமையில்லாதவனிடம் எவரும் இவ்வளவு கோபங்கொள்வதில்லை. இன்னும் உயர முடியும் என்று நம்புகின்றவனுக்கே கோபம் வருகின்றது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2002இல் யப்பானிலும் தென் கொரியாவிலும் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு முன்பாக, அயர்லாந்து அணி பசிபிக் சமுத்திரத்திலுள்ள சைப்பான் என்னும் சிறு தீவில் பயிற்சிக்காகத் தங்கியது. பயிற்சி மைதானம் கல்லைப் போல் இறுகிக் கிடந்தது. பந்துகளும் பயிற்சிக் கருவிகளும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அணித்தலைவரான ரோய் கீன் இதைக் கண்டு குமுறினார். மான்செஸ்டர் யுனைற்றட் என்னும் புகழ்பெற்ற கழகத்துக்கும் தலைவராக இருந்தவர் அவர். உலகக் கிண்ணத்துக்குச் செல்லும் அணி உல்லாசப் பயணிகளைப் போலவா புறப்படுவது என்பது அவரது கேள்வி. அதை அவர் பத்திரிகையிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பயிற்றுநர் மிக் மக்கார்த்தி அணியினர் அனைவரையும் கூட்டி விளக்கங் கேட்டார். அங்கே கடுஞ் சொற்போர் மூண்டது. முடிவில் தலைவன் விலக்கப்பட்டு வீடு திரும்ப, தலைவனில்லாத அணி போட்டிக்குச் சென்றது.

நாடு இரண்டாகப் பிளந்தது. ஒரே மேசையில் உணவருந்திய தந்தையும் மகனும்கூட இருவேறு கட்சியாயினர் என்று சொல்வது மிகையன்று. "நாட்டுக்கு ஆட வேண்டிய வேளையில் அணியைக் குலைத்தவன்" என்றது ஒரு கட்சி. "நம் சிறுமையை நமக்கே எடுத்துக்காட்டிய ஒரே மனிதன்" என்றது மறு கட்சி. அந்த வாதம் 2005இல் இசைநாடகமாக மேடையேறியது. 2025இல் திரைப்படமாகவும் வந்தது. ஒரு பயிற்சி மைதானத்தைப் பற்றிய சச்சரவு இவ்வளவு காலம் உயிரோடிருக்குமா? அது மைதானத்தைப் பற்றியதன்று. நமக்கு எவ்வளவு போதும் என்று நாமே வரையறுத்துக்கொள்ளும் அளவைப் பற்றியது.

கீன் இல்லாத அணி மானங்காத்தது. கமரூனுடன் 1-1, இறுதி ஆட்டம் வரை சென்ற ஜெர்மனியுடன், கடைசி நிமிடங்களில் ரொபி கீன் அடித்த கோலினால் 1-1, சவூதி அரேபியாவை 3-0 என வெற்றி. அடுத்த சுற்றில் ஸ்பெயினுடன் 1-1 எனச் சமமாக நின்று, தண்டனை உதைகளில் தோற்றது. காயமுற்றவர் ஒருவர் காரணமாக ஸ்பெயின் கூடுதல் நேரத்தில் பத்துப் பேரோடு ஆடியும், அயர்லாந்தினால் வெற்றிக் கோலைப் போட முடியவில்லை. "பார்த்தீர்களா, அவன் இல்லாமலே இவ்வளவு தூரம் வந்தோம்!" என்றனர் ஒரு சாரார். "பார்த்தீர்களா, அவன் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு தூரம் சென்றிருப்போம்!" என்றனர் மறு சாரார். ஒரே தோல்வி இரு கட்சிக்கும் சாட்சியாயிற்று.

ஆனால், ஒன்றை மட்டும் இரு சாராரும் மறுக்க முடியவில்லை. உதைபந்தாட்டச் சங்கமே ஏற்பாடு செய்த சுயாதீன ஆய்வின் அறிக்கை 2002ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் வெளியாயிற்று. சங்கத்தின் நிர்வாகத்திலும் திட்டமிடலிலும் பெரும் மாற்றங்கள் வேண்டுமென்று அது எடுத்துரைத்தது. அதைத் தொடர்ந்து சங்கத்தின் பொதுச் செயலாளர் பதவி விலகினார். கீன் பேசிய முறை தவறென்று சொல்வோர் சொல்லலாம்; அவர் கேட்ட கேள்வி தவறென்று சொல்வதற்கு இடமில்லாமற் போயிற்று.

மூன்றாவது காட்சி 2012 ஜூன் 14ஆம் நாள், போலந்து நாட்டின் க்டான்ஸ்க் நகரில். 1988க்குப் பின்னர் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ண இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது அயர்லாந்து. எதிரே நின்றது உலகக் கிண்ணத்தையும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் ஒருங்கே வைத்திருந்த ஸ்பெயின். நான்கு கோல்கள் விழுந்தன. நான்கும் அயர்லாந்தின் வலைக்குள்ளேயே விழுந்தன. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள். அப்போது பச்சை உடையணிந்த ஆயிரமாயிரம் ரசிகர்கள் ஒரே குரலில் "அதென்ரை வயல்கள்" என்னும் பாடலைப் பாடத் தொடங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பஞ்சத்தில், பசித்த பிள்ளைகளுக்காகத் தானியம் திருடி நாடுகடத்தப்படும் ஒருவனைப் பற்றிய பாடல் அது. மைதானம் முழுவதும் அந்த ஓசையே நிறைந்தது. ஆட்டம் முடிந்த பின்னரும் பாட்டு நிற்கவில்லை.

உலகம் நெகிழ்ந்தது. நெகிழாதவர் ஒருவர் இருந்தார். பிரித்தானியத் தொலைக்காட்சியில் விமர்சகராக வீற்றிருந்த அதே ரோய் கீன்தான் அவர்! பாடுவதற்காக மட்டும் போட்டிக்குச் செல்லும் மனப்பாங்கு மாறவேண்டும் என்று அவர் கண்டித்தார். மீண்டும் நாடு இரண்டாயிற்று. பயணச் செலவுக்காகக் கடன்பட்டுச் சென்று, தொண்டை வறளப் பாடியவர்களின் நெஞ்சில் அச்சொல் தைத்திருக்கும்.

யார் பக்கம் நியாயம்? பாடுவோரின் வழக்கை முதலிற் கேட்போம். வென்றால் மட்டுமே தருவது அன்பாகாது, அது வாணிபம். பஞ்சத்தையும் புலம்பெயர்வையும் கண்ட ஒரு சிறிய நாட்டுக்கு, தோல்வியிலும் தலை நிமிர்ந்து பாடுவது புதிதன்று. அது அவர்கள் உயிர் பிழைத்த வழி. 2016இல் பாரிஸ் நகரம் அயர்லாந்துக் குடியரசினதும் வட அயர்லாந்தினதும் ரசிகர்களுக்கு அவர்களுடைய நன்னடத்தையைப் பாராட்டிப் பதக்கம் வழங்கியது. அஃது எளிதில் கிடைக்கும் பெருமையன்று.

இனி இடித்துரைப்போரின் வழக்கு. சிறியவர்கள் என்று பிறர் நம்மைச் சொன்னால் சினக்கிறோம். அதையே நாம் சொல்லிக்கொண்டால் அடக்கம் என்கிறோம். "நமக்கு இதுவே போதும்" என்று நாடு மகிழ்ந்திருக்கும்போது, மைதானத்தைச் சீர்செய்யாதவரும், பந்துகளை நேரத்துக்கு அனுப்பாதவரும் பாட்டொலியின் மறைவில் தப்பிவிடுகின்றனர். நட்பின் இலக்கணம் சொல்ல வந்த வள்ளுவரும், கூடிச் சிரிப்பதைவிட நெறி தவறுமிடத்தில் இடித்துச் சொல்வதையே மேலாக வைத்தார்.

இரண்டையும் கேட்டபின் எனக்குத் தோன்றுவது இது. இரு சாராரும் ஒருவரையொருவர் தவறாகச் செவிமடுத்து வந்திருக்கின்றனர். டன்பி "இந்த ஆட்டம் வெட்கக்கேடு" என்றபோது, "இந்த நாடு வெட்கக்கேடு" என்று அவர் சொன்னதாக மக்கள் கேட்டனர். மக்கள் "உங்களைக் கைவிடமாட்டோம்" என்று பாடியபோது, "எங்களுக்கு இதுவே போதும்" என்று அவர்கள் பாடுவதாகக் கீன் கேட்டார். பாடுபவன் திருப்தியடைந்துவிட்டான் என்பதில்லை. இடித்துரைப்பவன் அயலானாகிவிட்டான் என்பதுமில்லை.

எதிர்பார்ப்பின் அளவு நாளுக்கு நாள் ஆடும் தராசு. 2025 செப்டெம்பரில் ஆர்மேனியாவிடம் 1-2 எனத் தோற்றபோது அயர்லாந்து அணியின் மீதும் பயிற்றுநர் மீதும் கண்டனம் குவிந்தது. நவம்பரில் அதே அணி போர்த்துக்கலை 2-0 என்றும், ஹங்கேரியை அதன் சொந்த மண்ணில் 3-2 என்றும் வென்று, உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் அடுத்த சுற்றுக்கு இடம் பெற்றது. அந்த ஐந்து கோல்களையும் அடித்தவர் ட்ரோய் பரட் என்னும் ஓர் இளைஞரே. ஐந்தாவது கோல் ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் விழுந்தது. செப்டெம்பரில் ஏசிய வாய் நவம்பரில் வாழ்த்தியது. ஆகவே, முடிவை மட்டும் பார்த்து வாழ்த்துவதும் வைவதும் நிலையான துணையாகா. ஆயத்தத்தைக் கேட்பதுதான் நிலையானது. அதுவும் தோற்ற பின்னரன்று, புறப்படுமுன் கேட்க வேண்டும். பந்தை உதைப்பவனிடம் மட்டுமன்று, மைதானத்தைத் தெரிவு செய்தவனிடமும் கேட்க வேண்டும்.

வாசலில் நிற்கும் நம் பிள்ளையிடம் மீண்டு வருவோம். அவனுக்குப் பாட்டியும் வேண்டும், தாயும் வேண்டும். முதலில் அவனை உள்ளே அழைத்துச் சோறு போடுங்கள். அவன் உண்டு முடித்து முகந் தெளிந்தபின், "எத்தனை நாள் புத்தகத்தைத் திறந்தாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவனுக்குப் படிக்க நல்ல விளக்கும் அமைதியான ஓரிடமும் நாம் கொடுத்திருந்தோமா என்று நம்மையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.