குத்துச்சண்டையும் குடிப்பிறப்பும்

தேகப்பயிற்சிகளுள் குத்துச்சண்டையைப்போல் மக்களால் ஒருங்கே புகழவும் இகழவும் படுவது பிறிதொன்று இல்லை எனலாம். மேடையில் வென்றவனைத் தோளில் சுமந்து கொண்டாடுவோர் பலர். தம் மைந்தன் அம்மேடையில் ஏறுவதை விரும்புவோர் மிகச் சிலர். டென்னிஸ் ஆடும் பிள்ளையைக் குறித்துப் பெருமை பேசும் தந்தை, குத்துக்கையுறை கேட்கும் பிள்ளையை, “நம் குடிக்கு இது தகுமா?” என்று கடிந்துகொள்வதை நாம் கண்டிருக்கிறோம். விளையாட்டிற்கும் குடிப்பிறப்பிற்கும் என்ன தொடர்பு? வறியோர் வீட்டுப் பிள்ளைகளே இவ்வித்தையில் பெரும்பாலும் புகுவது ஏன்? அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடன் யாது? இவற்றைக் குறித்து நமது கருத்தை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றோம்.

இவ்வெண்ணம் நமக்குத் தோன்றியது நூல் நிலையத்தில் அன்று, கொல்லிமலையில். முன்னாளில் நாம் பழகிய ஒரு மாணாக்கர் விடுதியில் அம்மலையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் தங்கிப் படித்தான். முதலாண்டிலேயே குத்துச்சண்டைப் பந்தயத்தில் தன் எடைப் பிரிவில் வென்றான். அப்பொழுது நாமெல்லாம், “மலையில் பிறந்தவன், இரத்தத்திலேயே வீரம் இருக்கிறது” என்று கூறி மகிழ்ந்தோம். மறுவருஷம் அவன் திரும்பி வரவில்லை. தந்தைக்கு நோய் என்றும், நிலத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றும் ஒரு செய்தி வந்தது. வருந்தினோம், பின்னர் மறந்தோம்.

சில ஆண்டுகள் கழிந்தபின், காரவள்ளி அடிவாரத்தினின்று 70 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மலைமேல் சென்றபோது, அவனைத் தேடிக் கண்டோம். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தான். முகம் மலர்ந்து வரவேற்றுப் பலாச்சுளை கொடுத்து உபசரித்தான். பழைய வெற்றியைப் பற்றி நாம் பேசத் தொடங்கவும், சற்றே தலை குனிந்து, “ஐயா, எல்லாரும் என் கையைப் புகழ்ந்தீர்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லையே” என்றான். அவன் சொல்லில் சினம் இல்லை. ஆயினும் எந்தக் குத்தும் நம்மை அவ்வளவு தாக்கியிருக்காது. வறுமையைக் காண வேண்டிய இடத்தில் நாம் வீரத்தை மட்டும் கண்டோம்; உதவ வேண்டிய இடத்தில் புகழ்ந்துவிட்டு அகன்றோம். இக்கட்டுரை ஒரு வகையில் அப்பிழைக்குக் கழுவாய் ஆகும்.

முதலாவது, இரத்தத்தில் வீரம் என்னும் கொள்கையை ஆராய்வோம். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியினின்று வந்து மலையேறியவர் என்றே வழிவழியாகக் கூறுவர். அவர் கூற்றின்படியே பார்த்தாலும், அவர்கள் சமவெளி மக்களே அன்றோ? ஏறியும் இறங்கியும், சுமந்தும் உழுதும் பெற்ற உரமே அவர்தம் உரம். அதனைப் பிறவிக் குணம் என்பது, உழைப்பின் கூலியைப் பிறப்பின் கணக்கில் எழுதுவதாகும்.

கடல் கடந்த நாடுகளிலும் இதுவே உண்மை. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் குத்துவீரரைக் குறித்து, வைன்பெர்க், ஆரண்டு என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1952-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதலில் ஐரிஷ் மக்களும், அவர்க்குப்பின் யூதரும், அதன்பின் இத்தாலியரும், இறுதியில் கறுப்பின மக்களும் இத்தொழிலில் மிகுந்திருந்தனர் என்பது அவர்கள் கண்டது. குடியேறி வந்து நகரத்தின் கடைப்படியில் நின்ற கூட்டம் எதுவோ, அதுவே மேடையில் ஏறிற்று. அக்கூட்டம் கல்வியாலும் வாணிகத்தாலும் ஒரு படி உயர்ந்ததும் மேடையை விட்டு இறங்கிற்று. அவ்விடத்தை அடுத்து வந்த ஏழைகள் நிரப்பினர். இரத்தமே காரணமாயின் ஐரிஷ் மக்களின் இரத்தம் ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டதோ? மாறியது இரத்தம் அன்று, வீட்டு அடுப்பே.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னைப் பட்டணத்தின் வடபகுதியே போதும். ஆங்கிலேயர் காலத்தில் பட்டாளத்தாரும் ஆங்கிலோ-இந்தியரும் ஆடிய இவ்வாட்டத்தை, இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய இடங்களில் வாழ்ந்த மீனவரும், துறைமுகக் கூலிகளும், ஆலைத் தொழிலாளரும் தமதாக்கிக்கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெயரிட்டு, சங்கீத வித்துவான்கள் குருபரம்பரை பாராட்டுவதுபோல் இவர்களும் பாராட்டினர். ‘ரோசமான குத்துச்சண்டை’ என்று அவர்கள் வழங்கிய பெயரே அதன் உட்பொருளை விளக்கும். பகலெல்லாம் பிறர் ஏவலுக்குத் தலை வணங்கியவன், மாலையில் ஒரு மேடைமேல் தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு நிமிர்ந்து நின்றான். கித்தேரி முத்து என்னும் வீரர் ஆங்கிலோ-இந்திய வீரர் ஒருவரை வென்ற கதையை வடசென்னை முதியோர் பல்லாண்டு கழிந்தும் சுவைபடக் கூறி வந்தனர். 2021-இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வெளிவந்த பின்னரே, பட்டணத்தின் தென்பகுதியினர் பலர் தம் ஊரின் வடபகுதியில் இப்படி ஒரு வரலாறு இருந்ததை அறிந்தனர். ஒரே நகரத்தில் இருந்தும் அறியாதிருந்தனர் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

இனி, விதிகளைப் பார்ப்போம். 1867-இல் வெளிவந்து நவீனக் குத்துச்சண்டைக்கு அடிப்படையாகிய விதிகளுக்குக் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயர் இடப்பட்டது. அவற்றை எழுதியவர் ஜான் சேம்பர்ஸ் என்பவர். பெயர் மட்டும் பிரபுவினுடையது. கையுறை அணிதல், மூன்று நிமிஷச் சுற்று, வீழ்ந்தவன் எழப் பத்து விநாடி ஆகிய நன்முறைகள் அவற்றால் நிலைத்தன. எனினும், அக்காலத்து ஆங்கிலக் கனவான்கள் கூலிக்கு ஆடுவோனைத் தம்மோடு ஒப்ப வைக்க ஒருப்படவில்லை. படகுப் பந்தயத்திற்குப் பெயர்போன ஹென்லியில் 1879-இல் வகுத்த விதி, கைத்தொழிலாளியும் கூலியாளும் ‘அமெச்சூர்’ ஆகார் என்றே வெளிப்படையாகக் கூறிற்று. அது நீங்க 1937 வரை ஆயிற்று. வயிற்றுக்குக் கவலையற்றவன் ஆடினால் கலை. வயிற்றின்பொருட்டு ஆடினால் இழிவு என்பதே அதன் சாரம்.

இவ்வெண்ணம் ஆங்கிலேயர்க்கே உரியது என்று நாம் நெஞ்சு நிமிர்த்தவும் இயலாது. இதே கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு மாணாக்கர் பலரும் அறிந்ததே. ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்துச் சென்றதைக் கண்ட பாணர் கூட்டம், எய்தவன் யாரோ என்று வியக்கின்றது. செல்வம் உடையவன் போல் தோன்றுகின்றான், ஆதலின் விலைக்கு வேட்டையாடுபவன் அல்லன் என்று கருதுகின்றது. வில்லாண்மை ஒன்றே, ஆயினும் விலைவனா செல்வனா என்னும் வினா அந்நாளிலேயே எழுந்துவிட்டது. ஓரியின் கொடையை நாம் போற்றுவோம். அதே காட்டில், அதே வில்லால், வீட்டுப் பசிக்காக வேட்டையாடிய பெயரற்ற வேடனையும் ஒருமுறை நினைப்போம்.

குத்துச்சண்டையில் நாம் மிகவும் போற்றும் முறை எடைப் பிரிவாகும். சண்டைக்கு முன் இருவரையும் தராசில் ஏற்றி, ஒத்த எடையினரையே எதிர் நிறுத்துகின்றனர். மிக நேர்மையான ஏற்பாடு. ஆனால் அத்தராசு உடலை மட்டுமே நிறுக்கும். ஒருவன் முட்டையும் பாலும் உண்டு, மருத்துவர் துணையோடு வந்தான். மற்றொருவன் இரவு மூட்டை சுமந்துவிட்டு விடியலில் வந்தான். இருவரும் 60 கிலோ. தராசு முள் அசையாது நிற்கின்றது. தோல்வி வரின் ஒருவன் வீடு சென்று வேறு கல்வி பயில்வான்; மற்றவனுக்கு அத்தோல்வியோடு வழியே அடைபடும். இவ்வேறுபாட்டை நிறுக்கும் தராசு இன்னும் செய்யப்படவில்லை.

இத்தனையும் கடந்து உயர்ந்தோர் உளர். மணிப்பூரில் உழவர் குடியில் பிறந்த மேரி கோம் உலகப் பட்டத்தை 6 முறை வென்றார். பெண்களுக்குக் குத்துச்சண்டை முதன்முதல் அனுமதிக்கப்பெற்ற 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். 2008-இல் வெண்கலம் பெற்ற விஜேந்தர் சிங் ஒரு பஸ் டிரைவரின் மைந்தர். நம் சென்னை தேவராஜன் 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். இவர்களை எண்ணுந்தோறும் நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. ஆயினும், “ஏழைக்கு இது ஏணி” என்று கூறி அமைவோர்க்கு ஒன்று சொல்வோம். ஏணியில் ஏறிய ஒருவரை நாடு அறியும். இடையில் வீழ்ந்த பலரை அவர்தம் தெருவும் மறந்துவிடும்.

ஏறியவர்க்கும் இறுதி நன்றாய் அமைந்ததென்று கூறுவதற்கில்லை. அலபாமாவில் வாரக் குடியானவர் வீட்டில் பிறந்து, 1937 முதல் 1949 வரை உலக வீரராக விளங்கிய ஜோ லூயிஸ், வரிக்கடனில் அழுந்தி, பிற்காலத்தில் சூதாட்ட விடுதியொன்றில் வருவோரை வரவேற்கும் பணி செய்தார். 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற நம் கௌர் சிங், முதுமையில் இருதய சிகிச்சைக்குக் கடன் வாங்க நேர்ந்தது. தலையில் படும் குத்துக்களால் மூளை நாளடைவில் கெடுவதை மார்ட்லண்டு என்னும் மருத்துவர் 1928-இலேயே எடுத்துக் காட்டினார். அத்துன்பம் கைதட்டல் ஓய்ந்து பல்லாண்டு சென்றபின் வருவது. அப்பொழுது அருகில் இருப்பது மனைவி மக்களேயன்றிப் பார்வையாளர் அல்லர்.

அங்ஙனமாயின் இவ்வாட்டத்தை அறவே ஒழித்துவிடலாமே என்று சிலர் கூறுவர். அவர் கூற்றில் இரக்கம் உண்டு. அதனை நாம் இகழோம். எனினும், வேறு வழி ஒன்றும் திறவாமல், இருக்கும் ஒரு வழியை அடைப்பது இரக்கத்தின் பாதியே ஆகும். வடசென்னை இளைஞனிடமிருந்து மேடையைப் பறித்துவிட்டு, மூட்டையை மட்டும் அவன் முதுகில் விட்டுவைத்தால் அவனுக்கு என்ன இலாபம்? ரோசத்தையும் இழந்தான் என்பதே மிச்சம்.

எனவே நமது அபிப்பிராயம் இது. கலாசாலைகளும் பாடசாலைகளும் குத்துச்சண்டை பயில்விக்கலாம். ஆனால் சில கடமைகளை ஏற்றுக்கொண்டே பயில்விக்க வேண்டும். பயில்வோனுக்கு ஊக்கமொழி கூறுமுன் காலை உணவு அளிக்கவேண்டும். பந்தயத்திற்கு முன்னும் பின்னும் மருத்துவர் பார்க்கவேண்டும். அவர் வேண்டாமென்றால் பயிற்சியாளர் மறுமொழி கூறலாகாது. வெற்றியின்பொருட்டு வகுப்பை விடும் வழக்கம் ஒழியவேண்டும். வீட்டில் இடர் நேர்ந்து ஒருவன் வாராதொழிந்தால், பெயரை அடித்துவிடுவதோடு நில்லாமல், ஓர் ஆசிரியரேனும் அவ்வீட்டிற்குச் செல்லவேண்டும். யாவற்றிற்கும் மேலாக, வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளும் அதே மேடையில் ஏறவேண்டும். தம் பிள்ளையின் தலையில் குத்து விழும் என்று அறிந்தால்தான், தலைக்காப்பைப் பற்றிப் பெரியோர் கவலை கொள்வர்.

இறுதியாக, கொல்லிமலை ஈன்ற ஒரு பெரியாரை நினைவுகூர்ந்து முடிப்போம். 1914-இல் அம்மலையில் பிறந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர், வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியவர். கை நிமிர்ந்த சிலர் அவரிடம் வந்து, “நல்ல கை கண்டு எமக்குப் பிச்சையும் இடுவார் இல்லை, வேலை தருவாரும் இல்லை” என்று முறையிட்டனர். கையைத் திருத்தியதோடு தம் கடமை தீரவில்லை என்று அவர் உணர்ந்து, அவர்கட்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்க வழி செய்தார்.

குத்துச்சண்டை பயில்விக்கும் நமக்கும் இதுவே பாடம். இளைஞன் ஒருவனுக்குக் கையை மூடக் கற்பிக்கின்றோம். அது எளிது. மூடிய அக்கை மீண்டும் திறந்து, ஏட்டையோ, உளியையோ, கூலிக்கு நிகரான ஊதியத்தையோ பற்றுமாறு செய்வது அரிது. அதனைச் செய்யாத வரையில், அவனது வெற்றியில் பங்கு கொள்ள நமக்கு உரிமை இல்லை. சாமைக் கொல்லையில் நின்ற அந்நண்பனுக்கு நாம் அன்று விடை கூறாமல் மலையிறங்கினோம். இனி வரும் மாணாக்கனிடமாவது, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று முதலில் கேட்போமாக.