கரண்ட் பில்லைக் காட்டுங்க, சாவிக்கொத்தைக் கொடுக்காதீங்க!

கொஞ்ச நாளா எங்கே போனாலும் இதே பேச்சு. "ஈபி கணக்கை ஏஐ உதவியாள் கிட்ட ஒப்படைச்சிடுங்க பாஸ். அதுவே பில்லைப் பார்க்கும், அதுவே பணம் கட்டும், 500 யூனிட் தாண்டாம காப்பாத்தும்". மேற்கு தாம்பரத்து நண்பர் ஒருத்தர் லாகின், பாஸ்வேர்டு எல்லாத்தையும் கொடுத்துட்டு வந்து பெருமையா சொல்றார். ஏன் சாமி இப்படின்னு கேட்டா, "கரண்ட் பில்லுல என்ன ராணுவ ரகசியமா இருக்கு?"ன்னு எதிர்க்கேள்வி வேற. அவருக்கும், அவரை மாதிரி யோசிக்கிற சக பதிவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

முதல்ல அவர் பக்க நியாயம். 500 யூனிட் பயம் நிஜமான பயம்தான். 2022 செப்டம்பர் கட்டணத்தில் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடினா 1725 ரூபாய். 501 ஓடினா 1958 ரூபாய். அந்த ஒத்தை யூனிட்டோட விலை 233 ரூபாய்! 500ஐத் தாண்டினா 101 முதல் 200 வரைக்குமான சலுகை விலை பறிபோயிடும், அதான் காரணம். 2024 ஜூலையில் விலை ஏறிச்சே தவிர இந்தப் பள்ளம் மூடலை. சித்திரை வெயில்ல ஏசி போடற எல்லாருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி.

சரி, ஏஐ இதுல எப்படிக் காப்பாத்தும்? சாதாரண மீட்டர்ல கணக்கெடுக்க ஆள் வர்றதே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அன்னிக்கு எழுதின எண்தான் இணையக் கணக்கிலும் இருக்கும். 45வது நாள் எத்தனை யூனிட் ஓடியிருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பார்க்கும்? கீழே இறங்கிப் போய் மீட்டர் பொட்டியை எட்டிப் பார்த்து, காலண்டர்ல குறிச்சு வெச்சா முடிஞ்சது வேலை. இல்லாத தகவலுக்காக இருக்கிற பாஸ்வேர்டைக் கொடுக்கிறதுக்குப் பேர் புத்திசாலித்தனமா?

ஸ்மார்ட் மீட்டர் வந்துட்டா கதையே வேற. சோதனை முயற்சியா தி.நகர்ல ஏற்கனவே மாட்டியாச்சு. அது 15 நிமிஷத்துக்கோ அரை மணிக்கோ ஒருதரம் பதிவு பண்ற ஜாதி. அப்போ ராணுவ ரகசியம் இல்லைதான், ஆனா வீட்டு ரகசியம் பூரா அதுல இருக்கும். எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறோம், எப்போ மோட்டார் போடறோம், எந்த நாள் வீடு பூட்டிக் கிடக்குது... பொங்கலுக்கு நாம கிளாம்பாக்கத்துல பஸ் ஏறினதுமே கணக்கு படுத்துடும். திருடனுக்கு வேற துப்பு வேணுமா? இது என் கற்பனை இல்லீங்க. மொத்த மின்சார அளவை வெச்சே எந்தச் சாதனம் ஓடுதுன்னு கண்டுபிடிக்கிற வழியை உருவாக்கின ஜார்ஜ் ஹார்ட்டே, இதை வேவு பார்க்கவும் பயன்படுத்த முடியும்னு 1989லயே எழுதிட்டார்.

அடுத்தது பணம். "பில் கட்டலை, இன்னிக்கு ராத்திரி கரண்ட் கட்"னு ஒரு மோசடி எஸ்எம்எஸ் ஊரெல்லாம் சுத்திச்சே, ஞாபகம் இருக்கா? அதைப் பார்த்துப் பதறிப் பணத்தை விட்டவங்களில் எத்தனையோ பேர் வயசானவங்க. இனி அந்த எஸ்எம்எஸ் தாத்தாவைக் குறி வைக்காது, தாத்தாவோட ஏஐயைக் குறி வைக்கும். வர்ற செய்தியையும் அதுவே படிச்சு, பணம் கட்டற அதிகாரமும் அதுகிட்டயே இருந்தா, ஏமாத்தறவனுக்கு மனுசன்கூடத் தேவையில்லை. தாத்தாவாவது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பார்.

அதுக்காக ஏஐயே வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லை நான். பாஸ்வேர்டுங்கிறது சாவிக்கொத்து. ஷெல்ஃபைத் துடைக்க வந்தவங்க கையில் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். படிக்க மட்டும் ஒரு தனிச் சாவி, அதுக்கு ஒரு கெடு, வேண்டாம்னா நாமளே பிடுங்கிக்கிற வசதி, இவ்வளவுதான் கேட்கிறேன். அமெரிக்காவில் 2012லயே 'கிரீன் பட்டன்'னு மின் கணக்குக்கு இப்படி ஒரு ஏற்பாடு வந்தாச்சு. நம்ம நாட்டிலும் வங்கிக் கணக்குத் தகவலுக்கு 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' 2021ல் நடைமுறைக்கு வந்தது. எதுக்காக, எத்தனை நாளைக்குன்னு சொல்லி நம்ம சம்மதத்தை வாங்கணும், அந்தச் சம்மதத்தை நாம திரும்பப் பெறலாம். பாங்கு பாஸ்புக்குக்கு இருக்கிற மரியாதை ஈபி கார்டுக்கு ஏன் கூடாது?

ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒரு தடவையாவது படிச்சு, தகவலை நுகர்வோருக்குக் காட்டணும்னு 2023ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கு. ஆக, மின்வாரியத்துக்கிட்ட நாம கேட்க வேண்டியது இதுதான்: எங்க எண்ணை முதல்ல எங்க கண்ணுல காட்டுங்க, அப்புறம் படிக்க மட்டும் ஒரு சாவி கொடுங்க. அந்தச் சாவியை ஏஐகிட்ட கொடுக்கிறதா வேண்டாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம். அது வர்ற வரைக்கும் பாஸ்வேர்டு உங்க கிட்டயே இருக்கட்டும்.

டிஸ்கி: ஏஐ கிட்ட யோசனை கேட்கிறதுல தப்பே இல்லை. ரீடிங்கை நீங்களே எழுதி எடுத்து, பேரு, இணைப்பு எண் எதுவும் இல்லாம வெறும் எண்ணை மட்டும் கொடுத்துக் கேளுங்க. கூட்டல் கழித்தலுக்கு அது போதும் :-)