பிளேஸ்டேஷனா, கணினியா? பெட்டியைப் பார்க்காதீங்க, கடையைப் பாருங்க

கையில் ஓர் ஆயிரம் வெள்ளி இருக்கிறது. கேம் விளையாட ஏதாவது வாங்கணும். பிளேஸ்டேஷனா, கணினியா?

பத்து வருஷத்துக்கு முன்னால் பதில் சுலபம். பணம் குறைவு, தலைவலியும் வேண்டாம் என்றால் கன்சோல். பணம் இருக்கு, சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி விலை விசாரிக்கப் பொறுமையும் இருக்கு என்றால் கணினி.

இப்போது அந்தப் பதில் செல்லாது. கன்சோலின் பெரிய பலமே விலைதான். அந்த விலைதான் இப்போது தலைகீழாக நடந்துகொள்கிறது.

முன்பெல்லாம் கன்சோல் வெளிவந்த புதிதில் விலை அதிகமாக இருக்கும், பொறுத்திருந்தால் இறங்கும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 299 டாலருக்கு வந்தது. 2009இல் அது 99 டாலர். அண்ணன் வாங்கியதைவிடத் தம்பி மலிவாக வாங்குவான்.

பிளேஸ்டேஷன் 5க்கு அப்படி நடக்கவில்லை. 2020 நவம்பரில் சிங்கப்பூருக்கு வந்தபோது டிஸ்க் போடும் வகையின் விலை 729 வெள்ளி. 2022இல் அது 799 வெள்ளி ஆனது. அமெரிக்காவில் 499 டாலரில் தொடங்கியது, 2025 ஆகஸ்ட்டில் 549 டாலருக்குப் போனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இன்னும் மோசம். அதுவும் 499 டாலருக்கு வந்ததுதான். 2025இல் மட்டும் இரண்டு முறை ஏறி 649 டாலரைத் தொட்டது. ஐந்து வருஷப் பழைய பெட்டிக்குப் புதிதாக வந்தபோது கொடுத்ததைவிட அதிகம் கொடுக்கணும்!

ஏன் இப்படி?

கன்சோல் வியாபாரத்தின் ரகசியம் ஒன்று: பெட்டியில் லாபம் பார்ப்பது அவர்கள் நோக்கமே இல்லை. 2021இல் எபிக், ஆப்பிள் நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் அதை வெளிப்படையாகவே சொன்னார். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று நிறுவனம் லாபம் பார்த்ததே இல்லையாம். பெட்டியை அடக்க விலைக்கோ அதற்கும் கீழேயோ கொடுத்துவிடுவார்கள். அதன்பின் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கேமிலும் சுமார் 30 விழுக்காடு அவர்கள் பைக்குள் போகும். உற்பத்திச் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறையும் வரை இந்தக் கணக்கு ஓடியது.

இப்போது சில்லுகள் முன்புபோல் வேகமாக மலிவாவதில்லை. அதற்கு மேல் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. உட்லண்ட்ஸில் பெரிய ஆலைகள் வைத்திருக்கும் மைக்ரான் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'குரூஷியல்' என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்கும் தொழிலையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அது அறிவித்தது. உங்களுக்கு ஒரு ரேம் விற்பதைவிடத் தரவு நிலையத்துக்கு விற்பதில் வருமானம் அதிகம்.

அதனால் 'அப்போ கணினிதான் ஜெயிச்சது' என்று அவசரப்படாதீங்க. ரேம் விலை ஏறினால் முதலில் அடி வாங்குவது சொந்தமாகக் கணினி கட்டுபவர்கள்தான். கன்சோல் நிறுவனங்களாவது மொத்தமாக முன்கூட்டியே பேரம் பேசி வாங்கும். உங்களுக்காகப் பேரம் பேச யாரும் இல்லை.

உள்ளே இருப்பது ஒன்றுதான்

இன்னொரு விஷயம். இரண்டு பெட்டிக்கும் உள்ளே இப்போது பெரிய வித்தியாசம் கிடையாது. பிளேஸ்டேஷன் 3இல் 'செல்' என்ற தனி ரகச் சில்லு இருந்தது. அதற்கு கேம் எழுதுவது பெரும்பாடு. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 கணினியில் இருக்கும் அதே வகைச் சில்லுக்கு மாறிவிட்டது. அன்றிலிருந்து கன்சோல் என்பது பூட்டுப் போட்ட கணினிதான்.

பூட்டும் தளர்ந்துகொண்டே வருகிறது. சோனி 'ஹொரைசன் ஸீரோ டான்' கேமை 2020இல் கணினிக்குக் கொடுத்தது. 2022இல் 'காட் ஆஃப் வார்', 'ஸ்பைடர்மேன்' இரண்டும் வந்தன. 2024இல் 'ஹெல்டைவர்ஸ் 2' இரண்டிலும் ஒரே நாளில் வெளியானது. மைக்ரோசாஃப்ட் ஒரு படி மேலே போய், தன் செல்லப்பிள்ளையான 'ஹேலோ'வையே பிளேஸ்டேஷனுக்குத் தருவதாக அறிவித்துவிட்டது. காரணம் பெருந்தன்மை இல்லை, செலவு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 220 மில்லியன் டாலர் செலவானது 2023இல் நீதிமன்ற ஆவணம் ஒன்றின் வழி வெளியே வந்தது. அவ்வளவு போட்டுவிட்டு ஒரே பெட்டிக்கு மட்டும் விற்றால் கட்டுப்படியாகுமா? நிண்டெண்டோ மட்டும் இன்னும் பிடிவாதமாக மாரியோவை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து கணினியும் கன்சோலாக மாறப் பார்க்கிறது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2022இல் கையடக்க ஸ்டீம் டெக்கைக் கொண்டுவந்தது. 2025 நவம்பரில் தொலைக்காட்சிக்கு அடியில் வைக்கும் ஸ்டீம் மெஷினை அறிவித்தது. பார்த்தால் கன்சோல், உள்ளே கணினி.

அதற்காகக் கன்சோல் செத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. 2025 செப்டம்பர் இறுதிவரை 84 மில்லியனுக்கும் அதிகமான பிளேஸ்டேஷன் 5 பெட்டிகள் விற்றிருக்கின்றன. ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 நான்கு மாதத்துக்குள் 10 மில்லியனைத் தாண்டியது. சாகிற தொழில் இப்படி விற்காது.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டி ஒன்றாகிவிட்டதால், நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது கடையைத்தான். பிளேஸ்டேஷனில் டிஜிட்டல் கேம் விற்கும் கடை ஒன்றே ஒன்று. அவர்கள் வைத்ததுதான் விலை. இதுவரை அதிலிருந்து தப்பிக்க டிஸ்க் இருந்தது. முடித்த கேமைக் கரோசலில் விற்கலாம், பள்ளித் தோழனுக்கு இரவல் கொடுக்கலாம். ஆனா 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் போடும் பகுதியே இல்லை. வேண்டும் என்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கணும். பெரும்பாலான கட்டண கேம்களை நண்பர்களோடு இணையத்தில் ஆட மாதச் சந்தா வேறு.

கணினியில் ஸ்டீம், எபிக், ஜிஓஜி என்று பல கடைகள் போட்டி போடுகின்றன. இணையத்தில் ஆடத் தனிச் சந்தா இல்லை. 2010இல் வாங்கிய பல கேம்கள் இன்றைய கணினியிலும் ஓடும். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கை பிளேஸ்டேஷன் 5இல் போட்டால் ஓடாது.

ஆனால் கணினியிலும் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் கேமை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தைத்தான். 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சேவையகத்தை யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் அணைத்தபோது, காசு கொடுத்து வாங்கிய யாராலும் அதை ஆட முடியவில்லை, எந்தப் பெட்டியில் வாங்கியிருந்தாலும் சரி. அதிலிருந்து பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 1 மில்லியனுக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். கோபம் சும்மா வந்ததில்லை.

இதைவிட எளிமையான ஒன்று: உங்கள் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள்? 'வாலரண்ட்' 2024இல் கன்சோலுக்கும் வந்துவிட்டது. ஆனா கன்சோலில் ஆடுபவரும் கணினியில் ஆடுபவரும் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. ஸ்டீம் டெக்கில் அது ஓடவே ஓடாது. மோசடி தடுக்கும் மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும். கும்பலே வாலரண்ட் ஆடும்போது ஆயிரம் வெள்ளிப் பெட்டியோடு நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள்.

எப்படியும் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு மடிக்கணினி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இன்னும் கொஞ்சம் போட்டுக் கிராபிக்ஸ் கார்டு உள்ளதை வாங்குவது என் கணக்குக்கு லாபம். வீட்டில் தம்பி தங்கையோடு சோபாவில் உட்கார்ந்து ஆடணும் என்றால் கன்சோல்தான். அதிலும் ஸ்விட்ச்சை முதலில் பாருங்கள்.

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6'க்காகவே காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2026 நவம்பர் 19 என்று அறிவித்த வெளியீட்டுத் தேதி பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளுக்கும் மட்டும்தான். கணினிக்கான தேதியை அதனுடன் சேர்த்து அறிவிக்கவில்லை. போன பாகம் 2013 செப்டம்பரில் கன்சோலுக்கு வந்தது, கணினிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. ஒன்றரை வருஷம் கதை எதையும் காதில் வாங்காமல் இருக்க முடியுமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.