பூனைச் சாப்பாடு வாங்கப் போகிறீர்களா? பையைத் திருப்பிப் பாருங்கள்!

பூனைக்குச் சாப்பாடு இப்பொழுது கடையில் விற்கிறது. பையில் விற்கிறது. டப்பாவில் விற்கிறது. சின்னச் சின்னப் பாக்கெட்டிலும் விற்கிறது.

அது நல்லதா, கெட்டதா? நல்லதுதான். எல்லோரும் வேலைக்குப் போகும் வீட்டில், தினமும் மீன் வாங்கி, வேக வைத்து, முள் எடுத்துக் கொடுக்க நேரம் ஏது?

ஆனால் எந்தப் பையை வாங்குவது? அங்கேதான் சிக்கல்!

ஒரு பையில் பச்சை இலைப் படம். இன்னொரு பையில் கேரட்டும் பட்டாணியும். நடுவில், "இயற்கை உணவு" என்று கொட்டை எழுத்து!

"இயற்கை என்று போட்டிருக்கிறதே! கெடுதல் இருக்காது" என்று வாங்கி விடுகிறோம். பல சமயம், விலையும் அதற்கே அதிகம்.

என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். பையின் முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். முதுகைப் பார்த்து வாங்குங்கள்! "இயற்கை" என்ற சொல் பூனையைக் காப்பாற்றாது. பின்பக்கத்துச் சிறிய எழுத்துதான் காப்பாற்றும்.

தவம் செய்யும் பூனை

மாமல்லபுரத்தில் "அர்ச்சுனன் தபசு" என்ற பெரிய பாறைச் சிற்பம் இருக்கிறது. அதில் ஒரு பூனை, முன்னங்கால்களைத் தூக்கிக் கொண்டு தவம் செய்கிறது. அதன் பக்கத்தில் எலிகள்!

வேடம் போடுகிறவனை, "ருத்திராட்சப் பூனை" என்று சொல்வது நம் வழக்கம். பூனை எத்தனை ருத்திராட்சம் போட்டாலும் எலியை விடாது என்பது அதன் பொருள்.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. பூனையால் சைவமாக இருக்க முடியாது! அது அதன் குற்றம் அல்ல. அதன் உடம்பு அப்படி.

நாய் சோற்றையும் தின்று சமாளிக்கும். பூனை அப்படி அல்ல. புலி, சிங்கம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கறியும் மீனும்தான் அதற்கு உயிர்.

கேரட்டில் உள்ள சத்தை வைட்டமின் "ஏ" ஆக மாற்றிக் கொள்ள நம் உடம்புக்குத் தெரியும். பூனையின் உடம்புக்குத் தெரியாது. வைட்டமின் "ஏ" அதற்கு ஈரல் போன்ற உணவில் இருந்து நேராகக் கிடைக்க வேண்டும். ஆகவே, பையின் மேல் உள்ள கேரட் படம் நமக்காகப் போட்டது. பூனைக்காகப் போட்டது அல்ல!

பார்வை போன பூனைகள்

"எங்கள் வீட்டுப் பூனை பாலும் தயிர்ச் சோறும் தின்றே வளர்கிறது" என்று சிலர் சொல்லுவார்கள். வெளியே போய் எலியும் பல்லியும் பிடிக்கிற பூனையாக இருக்கும்! மாடி வீட்டுக்குள் பூட்டி வளர்க்கும் பூனைக்கு அந்த வழி இல்லை. நாம் வைப்பதுதான் அதற்குச் சாப்பாடு.

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப் போக்கு உண்டாகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

"டாரின்" என்று ஒரு சத்து. கறியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. இதைத் தேவையான அளவு தானாகச் செய்து கொள்ள, பூனையின் உடம்பால் முடியாது.

அமெரிக்க விஞ்ஞானிகள் 1975-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். பாலில் இருந்து பிரித்து எடுத்த புரதத்தைக் கொண்டு வளர்த்த பூனைகளுக்கு, கண்ணின் விழித்திரை கெட்டுப் போயிற்று. காரணம், டாரின் இல்லாமைதான்! அப்படிப் போன பார்வை திரும்பி வருவது இல்லை.

1987-ஆம் ஆண்டில் இன்னொரு செய்தி வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் நகரக் கல்லூரியில் கால்நடை டாக்டர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இருதயம் பலவீனப்பட்டு வந்த பூனைகள் பலவற்றின் இரத்தத்தில் டாரின் குறைவாக இருந்தது. டாரின் கொடுத்தார்கள். இருதயம் தேறியது!

அந்தப் பூனைகள் தின்றது என்ன? சோறு அல்ல. கடையில் விற்ற பூனைச் சாப்பாடு!

அதன் பிறகு கம்பெனிகள் விழித்துக் கொண்டன. டாரினை அதிகமாகச் சேர்த்தன. அந்த நோயும் குறைந்தது.

செயற்கை என்றால் விஷமா?

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்.

அப்படிச் சேர்க்கப்படும் டாரின், பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்தது. அதாவது, செயற்கை! சாப்பாட்டைச் சூட்டில் வேக வைக்கும்போது சில சத்துக்கள் குறைந்து போகின்றன. குறைந்ததை ஈடு செய்யத்தான் டாரினும் வைட்டமின்களும் சேர்க்கிறார்கள். அந்தச் செயற்கைதான் பூனையின் கண்ணையும் இருதயத்தையும் காக்கிறது.

பின்பக்கத்தில் வாயில் நுழையாத பெயர்கள் பல இருக்கும். அவற்றில் பல வைட்டமின்களின் பெயர்களே. அதைக் கண்டு பயப்பட வேண்டியது இல்லை.

இயற்கையானது எல்லாம் நல்லதும் அல்ல. வெங்காயம் இயற்கைதான். பூண்டும் இயற்கைதான். இரண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்!

பச்சைக் கறியும் இயற்கைதான். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பூனை பறவைக் காய்ச்சலால் இறந்து போயிற்று. அது தின்றது, கடையில் வாங்கிய, வேக வைக்காத வான்கோழிக் கறி. அந்தக் கறியில் நோய்க் கிருமி இருந்ததை அரசாங்கமே சோதித்து அறிவித்தது. வேக வைத்திருந்தால் அந்தக் கிருமி செத்திருக்கும்.

அப்படியானால், "இயற்கை" என்று விரும்புவது தவறா? தவறு அல்ல. நிறத்துக்காகச் சேர்க்கும் சாயம் பூனைக்குத் தேவை இல்லை. சிவப்பு உருண்டை, பச்சை உருண்டை என்று கலர் பார்த்துப் பூனை தின்பது இல்லை. மோந்து பார்த்துத்தான் தின்கிறது! எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் இருக்க வைட்டமின் "ஈ" சேர்த்த பை கிடைத்தால், அது நல்லது. ஆனால் அவை எல்லாம் இரண்டாவது கேள்வி. முழு உணவா என்பதுதான் முதல் கேள்வி.

முதுகில் என்ன பார்ப்பது?

பையைத் திருப்புங்கள். இந்த 5 விஷயங்களைத் தேடுங்கள்.

1. "முழுமையான, சமச்சீரான உணவு" என்று போட்டிருக்கிறதா? அமெரிக்காவின் ஏ.ஏ.எப்.சி.ஓ., ஐரோப்பாவின் பெடியாப் என்ற அமைப்புகள் இதற்கு அளவு வகுத்திருக்கின்றன. அவற்றின் பெயர் பையில் இருந்தால் கவனியுங்கள். "தின்பண்டம்" அல்லது "துணை உணவு" என்று போட்டிருந்தால், அதை மட்டுமே வைத்துப் பூனையை வளர்க்கக் கூடாது. முறுக்குத் தின்று பிள்ளை வளருமா?

2. எந்த வயதுக்கு? ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கு, குட்டிக்கான உணவு வேண்டும். அல்லது எல்லா வயதுக்கும் ஆன உணவு வேண்டும்.

3. சேர்மானப் பட்டியலில் முதலில் இருப்பது என்ன? எடை அதிகமான பொருளைத்தான் முதலில் எழுதுவார்கள். கோழி, மீன், கோழித்தூள், மீன்தூள் போன்றவை முதலில் வர வேண்டும். சோளமோ அரிசியோ முதலில் வந்தால் யோசியுங்கள். ஈரல், இருதயம் என்று எழுதியிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். எலியைப் பிடித்தால் பூனை அதைக் குடலோடுதான் தின்கிறது!

4. டாரின் என்ற பெயர் இருக்கிறதா?

5. தயாரித்த தேதி, கெடு தேதி என்ன?

நாய்ச் சாப்பாட்டைப் பூனைக்குப் போடலாமா? கூடாது. நாய்க்கு டாரின் கட்டாயம் இல்லை. ஆகவே அந்தப் பையில் அது போதிய அளவு இருக்கும் என்று நம்ப முடியாது.

பெயரில் ஒரு தந்திரம்

பையில் கோழிப் படம் பெரிதாக இருக்கிறது. உள்ளே எவ்வளவு கோழி?

அமெரிக்க விதி ஒன்று சுவையானது. "கோழியுடன்" என்று பெயர் வைத்தால், 100-க்கு 3 பங்கு கோழி இருந்தால் போதும். "கோழி ருசி" என்று வைத்தால் அந்த 3 பங்குகூட வேண்டாம். ருசி தெரிந்தால் சரி!

இன்னொரு கணக்கையும் தெரிந்து கொள்ளுங்கள். கிரேவிப் பாக்கெட்டில் புரதம் 100-க்கு 10 என்று போட்டிருக்கும். உலர்ந்த உணவுப் பையில் 32 என்று போட்டிருக்கும். எது அதிகம்?

"32-தான்" என்பீர்கள். பொறுங்கள்! கிரேவியில் 100-க்கு 80 பங்கு தண்ணீர். மிச்சம் 20. அந்த 20-ல் 10 புரதம். அதாவது, சரி பாதி! உலர்ந்த உணவில் தண்ணீர் 10 பங்குதான். மிச்சம் 90. அதில் 32 என்றால், 100-க்கு சுமார் 36. ஆகவே கிரேவியே ஜெயித்தது!

கிரேவிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பூனை தண்ணீர் குடிப்பதில் சோம்பேறி. ஈரமான உணவு தண்ணீரையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஆனால் விலை அதிகம். ஆகவே உலர்ந்த உணவையே முக்கியமாக வைத்து, நடுநடுவே ஈர உணவு கொடுக்கலாம். பக்கத்தில் எப்பொழுதும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும்.

கடுவன் பூனை மூத்திரம் போக முடியாமல் முக்கினால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. அன்றே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

அவசரம் வேண்டாம்

புதிய பை வாங்கியதும் பழையதை நிறுத்தி விடாதீர்கள். முதல் நாள் கொஞ்சம் கலந்து வையுங்கள். 7 முதல் 10 நாளில் முழுதும் மாற்றுங்கள்.

"பசித்தால் தானாகத் தின்னும்" என்று பட்டினி போடுவது கூடாது. பூனை இரண்டு, மூன்று நாள் தின்னாமல் கிடந்தால், ஈரலில் கொழுப்புச் சேர்ந்து சாகவும் கூடும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம்.

அளவும் முக்கியம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனைக்கு, உலர்ந்த உணவு ஒரு நாளைக்கு சுமார் 50 முதல் 60 கிராம் போதும். சரியான அளவு பையிலேயே போட்டிருக்கும். கிண்ணத்தை நிரப்பிக் கொண்டே இருந்தால் பூனை பெருத்து விடும். நீரிழிவு நோய் பூனைக்கும் வரும்!

மலிவு என்று பெரிய பை வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில், திறந்த பையில் எண்ணெய் சிக்குப் பிடித்து விடும். சின்னப் பையாக வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

பை வாங்க வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். வேக வைத்த மீனும் கோழியும் ஈரலும், முள்ளும் எலும்பும் நீக்கி, வெங்காயம் மசாலா இல்லாமல், கொஞ்சம் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். வெறும் தயிர்ச் சோற்றைவிட அது எவ்வளவோ மேல். அதை மட்டுமே நெடுநாள் கொடுப்பதானால், கால்நடை டாக்டரை ஒரு தடவை கேட்டுக் கொள்ளுங்கள்.

தமிழில் எழுதினால் என்ன?

கடைசியாக, கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை.

முதுகைப் பார் என்று நான் சொல்லி விட்டேன். ஆனால் முதுகில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். அதுவும் எறும்பு எழுத்து! தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாய் அதை எப்படிப் படிப்பாள்? அதனால்தான் அவள் படத்தைப் பார்த்து வாங்குகிறாள். இலைப் படத்துக்குக் காசு கொடுக்கிறாள்.

சட்டம், இந்தி அல்லது ஆங்கிலத்தில் விவரம் போட வேண்டும் என்கிறது. கூடவே தமிழில் போடுவதை அது தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் விற்கும் பையில் நாலு வரி தமிழ் போட்டால் என்ன? "இது முழு உணவு. இந்த வயதுக்கு. இதில் டாரின் உண்டு. இவ்வளவு கொடு." இந்த நாலு வரி போதும்!

அது வரும் வரை ஒரு வழி சொல்லுகிறேன். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். அவனையோ அவளையோ கடைக்கு அழைத்துப் போங்கள். பின்பக்கத்தைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் படிப்பு. பூனைக்கு நல்ல சாப்பாடு.

பூனையால் பையைப் படிக்க முடியாது. வைத்ததைத் தின்னும். அதற்குப் பதிலாகப் படிக்க வேண்டியவர்கள் நாம்தான்!