முதலாளி விற்கலாம், உங்க தங்கச்சி விற்கக் கூடாதா?



போன மடலில் வீடியோ கேம் விலை பற்றி நாலு வரி எழுதியதற்கு ஒரு தோழரிடமிருந்து பதில் வந்தது. டிஸ்க் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பது தனிச்சொத்து ஆசை, பிளாஸ்டிக் பெட்டிக்காக இடதுசாரிகள் அழ வேண்டியதில்லை என்கிறார். மரியாதையோடு மறுக்கிறேன். கம்யூனிஸ்ட் அறிக்கை ஒழிக்கச் சொன்னது பிறர் உழைப்பை உறிஞ்சும் சொத்தை. உங்க தங்கச்சி விளையாடி முடித்த டிஸ்க்கை இல்லை. அவளிடமிருந்து அதைப் பிடுங்குவது பொதுவுடைமையும் இல்லை, பிடுங்கியது பண்ணையார் வீட்டுக்குத்தான் போகிறது.

நான் இருப்பது வால்டோர்ஃபில். ஹைடல்பெர்க் பக்கம், எஸ்.ஏ.பி. தலைமையகம் இருக்கும் ஊர். 1972-இல் ஐ.பி.எம்.-ஐ விட்டு வந்த ஐந்து பேர் தொடங்கிய கம்பெனி. இன்று நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு சோறு போடுவதே அதுதான். இந்த ஊரின் பெயர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கைத் தெரிந்துகொண்டால் விஷயம் பளிச்சென்று புரியும்.

2012 ஜூலை 3. ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில் தீர்ப்பு சொன்னது. காலவரையறை இல்லாத உரிமத்தைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அதற்கு "உரிமம்" என்று என்ன பெயர் வைத்தாலும் அது விற்பனைதான். டவுன்லோடாக வந்திருந்தாலும் வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம், தன்னிடமுள்ள பிரதியைச் செயலிழக்கச் செய்தால் போதும். அடுத்த வருஷம், 2013 அக்டோபரில், சூசன்சாஃப்ட்வேர் என்ற பழைய மென்பொருள் வியாபாரி எஸ்.ஏ.பி. மேல் போட்ட வழக்கில் ஹாம்பர்க் நீதிமன்றமும் அதே பாதையில் போனது. எங்கள் சம்மதம் இல்லாமல் உரிமத்தைக் கைமாற்றக் கூடாது என்ற எஸ்.ஏ.பி.யின் ஒப்பந்த விதி செல்லாது என்றது.

ஆக, ஒரு ஆலை முதலாளி தேவைக்கு மேல் வாங்கிய எஸ்.ஏ.பி. உரிமங்களைச் சந்தையில் விற்றுக் காசு பார்க்கலாம். நல்லது, விற்கட்டும்.

இப்போ வீட்டுப் பக்கம் வாங்க. 'ஹாஃப்-லைஃப் 2' 2004-இல் பெட்டியில் டிஸ்க்கோடுதான் கடைக்கு வந்தது. ஆனால் ஸ்டீம் கணக்கில் பதியாமல் விளையாட முடியாது, கணக்கை யாருக்கும் மாற்றவும் முடியாது. டிஸ்க்கை விற்கலாம், வாங்கியவர் அதை வைத்து டீ கிளாஸை மூடலாம், அவ்வளவுதான். ஜெர்மன் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வால்வ் கம்பெனி பக்கம் நின்றது. ஐரோப்பியத் தீர்ப்பு வந்த தைரியத்தில் கூட்டமைப்பு மறுபடி போனது. 2014 ஜனவரியில் பெர்லின் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது.

பிரான்ஸில் 2019 செப்டம்பரில் ஒருமுறை ஜெயித்தோம். பாரிஸ் நீதிமன்றம் ஸ்டீம் விளையாட்டுகளை மறுவிற்பனை செய்யலாம் என்றது. 2022-இல் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காரணத்தைக் கேளுங்கள்: விளையாட்டு என்பது வெறும் மென்பொருள் இல்லையாம். அதில் இசை, ஓவியம், கதை எல்லாம் இருக்கிறதாம். அதனால் மென்பொருள் சட்டம் பொருந்தாது, பொதுவான பதிப்புரிமைச் சட்டம்தான் பொருந்தும். அந்தச் சட்டத்தில் கையில் தொடக்கூடிய பொருளுக்கு மட்டுமே மறுவிற்பனை உரிமை உண்டு. கணக்குப்பிள்ளையின் மென்பொருள் என்றால் விற்கலாம், கலை என்றால் விற்கக் கூடாது!

சரி, விலையாவது குறைந்ததா? பெட்டி இல்லை, லாரி இல்லை, கடை வாடகை இல்லை. இருந்தும் புது விளையாட்டுகள் பலவற்றுக்கு டவுன்லோடும் டிஸ்க்கும் ஒரே விலை. டிஸ்க்கை நாலு கடை போட்டி போட்டு விற்கும்; ஆறு மாசத்தில் விலை இறங்கும், பழையது இன்னும் மலிவாகக் கிடைக்கும். கன்சோலில் டவுன்லோடுக்கு இருப்பது ஒரே கடை. முழு விளையாட்டுகளுக்கான டவுன்லோட் கோடுகளை வெளிக் கடைகள் விற்பதைக்கூட 2019 ஏப்ரலோடு சோனி நிறுத்திவிட்டது. பிறகு டிஸ்க் போடும் ஓட்டையே அடைபட்டது: 2024 நவம்பரில் வந்தபோது பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 799.99 யூரோவாக இருந்தது, டிஸ்க் டிரைவ் தனியாக 119.99. கையில் இருக்கும் பழைய டிஸ்க்கைப் போடக்கூட ஒரு சுங்கச்சாவடி.

நிண்டெண்டோ கொஞ்சம் கெட்டிக்காரர்கள். 'மரியோ கார்ட் வேர்ல்ட்' டவுன்லோட் 79.99, பெட்டி 89.99. பார்த்தீர்களா, டிஜிட்டல்தான் மலிவு என்பீர்கள். பெட்டியை வாங்கி முடித்துவிட்டு 50 யூரோவுக்கு விற்றால் கைக்காசு போனது 40. டவுன்லோடில் 80-உம் போச்சு. அந்தப் பத்து யூரோ தள்ளுபடி இல்லை, விற்கிற உரிமையை உங்களிடமிருந்து அவர்கள் வாங்கும் விலை. இதற்கு நடுவில் "கேம்-கீ கார்டு" என்று ஒன்று: பெட்டி இருக்கும், கார்டு இருக்கும், கார்டுக்குள் விளையாட்டு இருக்காது. அதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம். சர்வரை அவர்கள் மூடும் நாள் வரைக்கும்.

மூடுவார்களா என்று கேட்காதீர்கள். யூபிசாஃப்ட் 'தி க்ரூ'வை 2024 மார்ச் 31 அன்று மூடியது. டிஸ்க் வாங்கியவர்களுக்கும் அதே கதிதான். அதிலிருந்து கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' ஐரோப்பியக் குடிமக்கள் மனு 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நல்ல வேலை, ஆனால் அது கேட்பது ஆதரவை நிறுத்தினாலும் விளையாடும் நிலையில் விட்டுப் போ என்பதை மட்டும்தான். மறுவிற்பனை, இரவல் பற்றி வாயே திறக்கவில்லை.

"டோரண்ட் இருக்கே" என்று சிரிக்கும் தோழர்களுக்கு: பர்மா பஜார் சிடியில் வளர்ந்தவன் நான், உபதேசம் பண்ண மாட்டேன். ஆனால் ஜெர்மனியில் டோரண்ட் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வீட்டுக்கு வரும். வதிவிட அனுமதி புதுப்பிக்கக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கடிதம் எவ்வளவு பயம் என்று யோசியுங்கள்.

இது விளையாட்டோடு நிற்காது. எஸ்.ஏ.பி.யே பழைய ஈ.சி.சி. மென்பொருளின் வழக்கமான பராமரிப்பை 2027 முடிவோடு நிறுத்தி, வாடிக்கையாளர்களை மேகச் சந்தாவுக்குத் தள்ளுகிறது. சந்தாவில் மறுபடி விற்க எதுவும் மிஞ்சாது. ஹாம்பர்க்கில் தோற்றதை வியாபார முறையை மாற்றியே ஈடுகட்டிவிடலாம். குத்தகைக்காரனுக்கு நிலம் கிடையாது என்பது நம்ம தாத்தாக்களுக்குத் தெரிந்த பாடம்தானே.

பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டிஸ்க் ஐந்து பிள்ளைகள் கைமாறினால் அதைவிடச் சிக்கனம் என்ன? இங்கே பல நகர நூலகங்கள் கன்சோல் விளையாட்டுகளை இரவல் தருகின்றன. அகதி முகாமில் இருக்கும் பிள்ளையும் அட்டையைக் காட்டி எடுத்துப்போகலாம். நூலகம் அடுக்கி வைப்பது டிஸ்க்கும் கார்டும்தான்; ஸ்டீம் கணக்கை யாரும் அலமாரியில் வைக்க முடியாது. அதனால் இந்த மாதம் ஒரு வேலை: உங்கள் ஊர் நூலகத்தில் போய், டிஸ்க் வருவது நின்றால் அந்த அலமாரியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வைத்து உங்கள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் தயாரிக்கலாம். முதல் கோரிக்கை: 2012 தீர்ப்பு முதலாளியின் மென்பொருளுக்குக் கொடுத்த உரிமையை விளையாட்டுக்கும் மின்நூலுக்கும் சட்டத்தில் எழுது.