ஆடு வராத ஆண்டில் வேலி எதற்கு?

சென்ற கிழமை பாடம் முடிந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அருகில் வந்து நின்றான். "ஐயா, நம் நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிலேயே சான்று வழங்கிவிட்டது. இல்லாத நோயைத் தடுப்பதற்கு அரசாங்கம் இன்னும் ஏன் பணம் ஒதுக்குகின்றது? அந்தப் பணத்தில் இருக்கும் நோயாளருக்கு மருந்து வாங்கலாமே!" என்று கேட்டான்.

இது வெறும் வாதத்துக்காக எழுந்த கேள்வியன்று. அவனுடைய தாயார் நெடுநாள் நோயாளி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மருந்து இல்லை என்ற பதிலோடு அவர் வீடு திரும்பிய நாட்கள் பல. ஆதலின் அவசரமாக ஒரு விடை கூறி அவனை அனுப்பிவிட என் மனம் ஒப்பவில்லை.

பொருளை ஆக்குதல், சேர்த்தல், காத்தல் என்பவற்றோடு வள்ளுவர் நின்றுவிடவில்லை. அதனை வகுத்துச் செலவிடுதலையும் அரசின் திறமாக வைத்தார். நான்கினுள்ளும் அதுவே கடினமானது. திறைசேரியில் உள்ளது ஓர் அளவான பணமே. ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவருக்குக் கொடாமல் விடுவதாகவே முடியும். எனவே, மாணவனின் கேள்வி நியாயமானதே. அதே கேள்வி ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்னரும் இந்நாட்டில் எழுந்தது.

1934-35இல் பரவிய மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. 1946இல், மக்கள்தொகை 66 இலட்சமாக இருந்தபோது, நோயாளர் தொகை 25 இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்தது. அக்காலத்தில் வீடுவீடாக டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கத் தொடங்கினர். நோய் படிப்படியாகக் குறைந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மாத்திரமே.

பதினேழு பேருக்காக ஒரு பெரும் படையை வைத்திருப்பதா? 1964இல் மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் வரவரத் தளர்ந்தது. இம்முடிவை மூடத்தனம் என்று நாம் எளிதில் இகழ்ந்துவிடலாகாது. மீதமாகும் பணத்தைக் கணக்கேட்டில் எவரும் காணலாம். வராமற்போன காய்ச்சலை எந்த ஏட்டிற் காண்பது? காப்பாற்றப்பட்டவன் தான் காப்பாற்றப்பட்டதை அறியான். நன்றி கூறவும் வாரான்.

சில ஆண்டுகளில் நோய் மீண்டது. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவால் வருந்தினர். பழைய மருந்தை மறுபடி தெளித்தபோதோ, நுளம்புகள் அதனைத் தாங்கும் வலிமை பெற்றிருந்தன. 1977இல் மலத்தியன் என்னும் விலைகூடிய மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் பதிவானது 2012ஆம் ஆண்டில். பதினேழு என்ற எண்ணை நாம் எட்டி அப்பொழுது 49 ஆண்டுகள் கடந்திருந்தன!

நம் ஊர்களில் ஆண்டுதோறும் கிடுகு வாங்கி வேலி அடைத்த காலத்தை முதியோர் அறிவர். "சென்ற ஆண்டு ஓர் ஆடும் உள்ளே வரவில்லை, இவ்வாண்டு வேலி எதற்கு?" என்று எந்தத் தோட்டக்காரனும் கேட்டதில்லை. ஆடு வராமைக்கு வேலியே காரணம் என்பதை அவன் அறிவான்.

ஆயினும், தடுப்பு என்று பெயர் சூட்டிய செலவு யாவும் தகுந்த செலவு ஆகிவிடாது. ஒரு செலவை வெட்டும்போது மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். அப்பணத்தால் வேறு என்ன நன்மை விளையும்? வெட்டினால் வருந்துவோர் யார்? முடிவு பிழைத்துப்போனால் அதே செலவில் அதனைத் திருத்த முடியுமா? முதலிரண்டையும் எல்லோரும் கேட்கின்றனர், மூன்றாவதையே மறக்கின்றனர். இவ்வாண்டு போடாத வீதியை வரும் ஆண்டில், சற்றுக் கூடிய செலவில், போட்டுவிடலாம். மீண்டு வந்த நோயையோ அவ்வாறு திருப்பி அனுப்ப முடியாது.

இன்றும் பிறநாடுகளிலிருந்து திரும்புவோர் சிலர் மலேரியாவோடு வருகின்றனர். கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல புதியவகை மலேரியா நுளம்பும் மன்னாரிற் கண்டறியப்பட்டிருக்கின்றது. காவலை நீக்கும் காலம் இதுவன்று.

இவற்றையெல்லாம் மாணவனுக்கு எடுத்துக் கூறினேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படியானால் அம்மாவின் மருந்து, ஐயா?" என்றான்.

அதற்கு என்னிடம் ஆறுதலான விடை இருக்கவில்லை. வேலிக்குக் கொடுத்த பணம் அவன் தாயாரைப் போன்ற ஒருவரிடமிருந்தும் எடுக்கப்பட்டதே. ஆதலின், வேலிக்கு வேண்டியதற்கு மேல் ஒரு சதமும் வீணாகாமற் காப்பது அதனை அடைப்போரின் கடன். வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கும் மாணவர்கள் அந்த மூன்றாவது கேள்வியை மறவாதிருப்பார்களாக. மருந்துக்குக் காத்திருக்கும் அந்தத் தாயையும் மறவாதிருப்பார்களாக.